மல்லாட்டை மில்லின் தண்ணீர் பம்பு

எனக்குக் கோபம் வந்தால் கை வேகமாகிவிடும், புத்தி பின்தங்கிவிடும். இந்த வயதில் இதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. அந்த வயதில் யாராவது இப்படி என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் ஸ்பானரைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்திருப்பேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மில்லில் எஞ்சின் டிரைவராக இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் விழுப்புரத்துக்கு ரயில் ஏறினால் திங்கட்கிழமை காலையில்தான் திரும்புவேன். விழுப்புரத்தில் அம்மாவும் தாய்மாமனும் இருந்தார்கள். மாமனுக்குத் தோல் மண்டியில் வேலை.

மல்லாட்டை என்பது எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்குப் பெயர். மில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வண்டியில் வந்து இறங்கும் மல்லாட்டையை உடைத்து, ஓட்டைத் தனியாகவும் பருப்பைத் தனியாகவும் தள்ளுகிற இரண்டு மிஷின்கள். அவற்றை ஓட்டுவதற்குச் சீமையிலிருந்து வந்த ஒரு பழைய டீசல் எஞ்சின். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அதற்கு வயதாகிவிட்டது. காலையில் அதைக் கிளப்புவதற்குள் இரண்டு பேருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை ஓடும். அதன் சூட்டைத் தணிக்க வெளியே ஒரு சிமெண்டுத் தொட்டி, தொட்டித் தண்ணீரை இழுத்து எஞ்சினைச் சுற்றி அனுப்ப ஒரு சின்ன பம்பு. எஞ்சினைச் சுற்றி வந்த தண்ணீர் நல்ல சூடாக, ஒரு குழாய் வழியாகத் திரும்பவும் தொட்டியில் விழும்.

முதலாளி மேல்சித்தாமூர்ப் பக்கத்து ஜைனர். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, இழுப்பு நோய் உண்டு. பச்சைத் தண்ணீர் உடம்பில் பட்டால் அன்றைக்கு மூச்சு விடமுடியாமல் உட்கார்ந்துவிடுவார். ஆனால் தன் குளியலுக்காக விறகடுப்பு மூட்டுவதற்கு அவர் மனம் ஒப்பாது. விறகுக்குள் எத்தனை பூச்சி இருக்குமோ, ஒருவன் சுகமாகக் குளிப்பதற்காக அத்தனையும் வேகவேண்டுமா என்பார். எஞ்சின் எப்படியும் ஓடத்தான் போகிறது, தண்ணீர் எப்படியும் சுடத்தான் போகிறது. ஆகையால் தினமும் எஞ்சின் கிளம்பி ஒரு மணி நேரம் கழித்து ஒரு செப்புத் தவலையோடு வருவார். குழாயில் வெந்நீர் பிடித்து, துணியில் வடிகட்டி, மில்லுக்குப் பின்னால் குளித்துவிட்டுப் பூஜைக்குப் போவார். அதற்கு முன்னால் பல்லில் ஒன்றும் படாது.

அவர் என்னை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். எங்கள் தெருவிலிருந்து போனவனை அதுவரை எந்த முதலாளியும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கேலி செய்கிறாரோ என்று முதல் மாதம் முழுக்க முறைத்துக்கொண்டே இருந்தேன். எல்லோரிடமும் அப்படித்தான் பேசுகிறார் என்று தெரிந்த பிறகும் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தேகம் மிச்சமிருந்தது.

ஒரு மாசி மாதம், மூட்டைகள் கூரை வரை அடுக்கிக் கிடந்த நேரத்தில், பம்பு ஒழுக ஆரம்பித்தது. பம்பின் தண்டு உள்ளே நுழைகிற இடத்தில் தண்ணீர் கசியாமலிருக்க நூல் திரியைச் சுற்றி அடைத்து, மேலே ஒரு மூடி வைத்து, இரண்டு நட்டுப் போட்டு முடுக்கியிருப்பார்கள். பேக்கிங் என்று பெயர். அந்தத் திரி தேய்ந்துபோய்விட்டது. சொட்டாக ஆரம்பித்தது நாலு நாளில் தாரையாகி, பம்பை ஓட்டுகிற பெல்ட்டின் மேல் அடித்தது. நனைந்த பெல்ட் வழுக்கியது. பம்பு சுற்றுவது குறைந்து எஞ்சின் காய்ந்தது. மணிக்கொரு தரம் நிறுத்தி ஆறவிட வேண்டியிருந்தது. மூட்டை தூக்குகிறவர்களுக்கு நல்ல வேடிக்கை. டிரைவர் ரொம்பத் திட்டுவதால்தான் பம்பு அழுகிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

யுத்தத்தினால் மெட்ராஸில் பேக்கிங் கயிறு கிடைக்கவில்லை. நாமே திரிக்க வேண்டியதுதான். பருத்தி நூலைப் பின்னி, உருக்கிய மாட்டுக் கொழுப்பில் தோய்த்துப் போட்டால் மாதக்கணக்கில் அசையாது. விழுப்புரத்து ஒர்க்ஷாப்பில் நாங்கள் அப்படித்தான் போடுவோம். முதலாளியிடம் அதைச் சொன்னேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "கொழுப்பு மட்டும் வேணாங்க. நம்ம எடத்துல அது வேணாம். வெளக்கெண்ணெய்ல ஊற வச்சிப் போடுங்க. ரெண்டு நாள் மில்லு நின்னாலும் பரவாயில்ல" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார், அதுவும் தணிந்த குரலில். எனக்கோ காதெல்லாம் சுட்டது. மாமனின் சட்டையில் எத்தனை துவைத்தாலும் தோல் வாடை போகாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ரயிலில் போகும்போது எதிரில் இருப்பவர்கள் துண்டால் மூக்கை மூடிக்கொள்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். மாட்டுக் கொழுப்பு என்பது எங்களுக்குச் சோறு போட்ட பொருள். அதை வேண்டாமென்றால் எங்களையே வேண்டாமென்பதாக எடுத்துக்கொண்டேன். என் மாமன் யார், என்ன வேலை செய்கிறார் என்பதெல்லாம் முதலாளிக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார். அது அவருடைய விரதம், அவ்வளவுதான். இதெல்லாம் இப்போது எழுதும்போது நன்றாகத்தான் விளங்குகிறது.

அன்றைக்கே விளக்கெண்ணெய்த் திரி போட்டேன். போட்டேன் என்று சொல்லக்கூடாது, போட்டுத் தொலைத்தேன். நூலை அரை மணி நேரம்கூட ஊறவிடவில்லை. மூடியை வைத்து இரண்டு நட்டையும் பலம் கொண்ட மட்டும் ஒரே முடுக்காக முடுக்கினேன். எஞ்சின் ஓடிய கொஞ்ச நேரத்தில் தண்டு சூடேறித் திரி தீய்ந்து, தண்ணீர் பழையபடி பீறிட்டது. போய் முதலாளியைக் கூட்டிவந்து காட்டினேன். பாருங்கள், உங்கள் எண்ணெய் லட்சணம் இதுதான் என்று வாயால் சொல்லவில்லையே தவிர முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. வேறு நூலில் நிதானமாக இன்னொரு தரம் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை விழுப்புரம் போனபோது மாமனிடம் ஒரு டப்பா கொழுப்பு கேட்டு வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் யாரும் வருமுன் எஞ்சின் ரூமுக்குப் போய், அதை உருக்கித் திரியைத் தோய்த்து, மூன்று சுற்று அடைத்து மூடினேன். எஞ்சினைக் கிளப்பியாயிற்று. ஒரு சொட்டு இல்லை. பெல்ட் காய்ந்து கிடந்தது. மூட்டைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, பம்பு சமாதானமாகிவிட்டது என்றார்கள்.

முதலாளி தவலையோடு வந்தார். பம்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். எத்தனை சந்தோஷம் அவருக்கு.

"என்ன போட்டீங்க?" என்று கேட்டார்.

"வெளக்கெண்ணெய்தாங்க" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு வெந்நீர் பிடித்துக்கொண்டு போனார். டப்பா மூலையில், நான் கழற்றிப் போட்டிருந்த சட்டைக்கு அடியில் இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொன்னதே போதும் அவருக்கு.

முதல் சில வாரங்கள் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. மறைத்து என்ன பயன், குரூரமான சந்தோஷம். பூஜை, விரதம், வடிகட்டுகிற துணி, கடைசியில் எங்கள் வீட்டுக் கொழுப்பு கலந்த தண்ணீரில்தான் குளிக்கிறீர் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். பிறகு ஒரு நாள் தவலைத் தண்ணீரின் மேல் பளபளவென்று ஒரு படலம் மிதந்ததை அவர் பார்த்தார். என்னவென்று கேட்டார். பேக்கிங்கிலிருந்து எண்ணெய் கொஞ்சம் இறங்கும் என்றேன். வெளக்கெண்ணெய்தானே, தலைக்குக் குளிர்ச்சிதான் என்று சொல்லி, அந்தப் படலத்தை உள்ளங்கையால் வழித்து உச்சியில் தேய்த்துக்கொண்டார். என் கையில் ஒரு துணி இருந்தது. ஏற்கெனவே துடைத்து வைத்த பேரிங்கை மறுபடி துடைக்க ஆரம்பித்தேன். அன்றிலிருந்து அந்தச் சந்தோஷம் வரவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. நாள் ஏற ஏறச் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. பம்பும் ஒழுகித் தொலைக்கவில்லை. ஒழுகியிருந்தால் அந்தச் சாக்கில் பிரித்தாவது போட்டிருப்பேன்.

ஆவணிக் கடைசியில் ஜைனர்களுக்குப் பத்து நாள் விரதம். முதலாளி ஒரு வேளைச் சாப்பாட்டோடு இருந்தார். அந்தப் பத்து நாளும் அந்தத் தண்ணீரில்தான் குளித்தார். அது முடிந்த மறுநாள் அவர்களில் ஒரு வழக்கம் உண்டு. தெரிந்தவர்கள் எல்லோரிடமும் போய் மன்னிப்புக் கேட்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து அதுதான் முதல் ஆவணி, ஆகையால் எனக்குத் தெரியாது. மூட்டை தூக்குகிறவர்கள், பருப்புப் புடைக்கிற பெண்கள், கணக்குப்பிள்ளை, வாசலில் நின்ற வண்டிக்காரர்கள் என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கும்பிட்டுவிட்டுக் கடைசியாக எஞ்சின் ரூமுக்கு வந்தார். அப்போதுதான் குளித்திருந்தார். தலை ஈரமாக இருந்தது.

என் எதிரில் நின்று இரண்டு கையையும் கூப்பினார். "தெரிஞ்சோ தெரியாமலோ உங்க மனசு நோவற மாதிரி நான் எதுனா பண்ணியிருந்தா, மன்னிச்சிடணுங்க" என்றார்.

என் எதிரில் யாரும் கைகூப்பி நின்றதில்லை. பதிலுக்கு நானும் கும்பிட வேண்டும் என்பதுகூடத் தோன்றவில்லை. "சரிங்க" என்றேன். மன்னிப்புக் கேட்டவரிடம் மன்னித்துவிட்டேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அவர் போன பிறகு தொட்டிக் கரையில் உட்கார்ந்தேன். என்னை நானே நாலு வசவு வைதுகொண்டேன்.

அந்த வாரம் விழுப்புரம் போகவில்லை. வெள்ளிக்கிழமையே நூலைப் பின்னி விளக்கெண்ணெயில் ஊறப்போட்டேன். ஞாயிற்றுக்கிழமை தொட்டியை முழுக்கத் திறந்துவிட்டு, சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவினேன். பம்பைப் பிரித்து, கருப்பாக இறுகிக் கிடந்த பழைய திரியைக் கம்பியால் நோண்டி எடுத்தேன். சலவைச் சோடா கரைத்த தண்ணீரைக் காய்ச்சிக் குழாய்களில் ஊற்றி, கொழுப்பு வாடை போகும்வரை அலசினேன். புதுத் திரியைப் போட்டு நட்டுகளை வெறும் விரலால் திருகினேன். எஞ்சினை ஓட்டி, ஒழுகவிட்டு, கால் சுற்று முடுக்கினேன். காத்திருந்து, மறுபடி கால் சுற்று. பேக்கிங் சுத்தமாக அடைபடக்கூடாது, எப்போதாவது ஒரு சொட்டு விடவேண்டும், அந்தச் சொட்டுதான் தண்டைக் குளிர வைக்கும். இது எனக்குத் தெரியாத வித்தையல்ல. மாசியிலும் தெரியும். சாயங்காலத்துக்குள் பெல்ட்டில் ஈரமில்லாமல், நின்று நிதானித்து ஒவ்வொரு சொட்டாக விழுந்தது.

விளக்கெண்ணெயே போதுமாக இருந்தது. ஒரு நாள் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் கொழுப்பும் வேண்டாம், பொய்யும் வேண்டாம். இதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை அவர் தவலையோடு வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். உண்மையைச் சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். தப்பை நானே கண்டுபிடித்து நானே திருத்திவிட்டேன் என்று நினைப்பு. அவர் தவலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்த மாதத்திலிருந்து என்று மட்டும் ஒரு தரம் விசாரித்தார். மாசியிலிருந்து என்றேன். உச்சந்தலையில் கையை வைத்தார், உடனே எடுத்துவிட்டார்.

"இப்ப என்ன போட்டிருக்கீங்க?" என்றார்.

"வெளக்கெண்ணெய்தாங்க."

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். அவர் என் முகத்தைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார். நம்ப ஆசைப்பட்டார். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"உங்க மேல கோவம் இல்லீங்க" என்றார். "ஆனா, இனிமே கேட்டுத் தெரிஞ்சிக்க முடியாதுங்களே."

தவலையைக் காலியாகவே எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீரில் குளித்தார். மார்கழியில்கூட. அவர் சம்சாரம் அடுப்பு மூட்டட்டுமா என்று கெஞ்சியதாகக் கணக்குப்பிள்ளை சொன்னார். முதலாளி ஒப்பவில்லை. எஞ்சின் சத்தத்தையும் மீறி அவருடைய இருமல் எனக்குக் கேட்கும். தொட்டியை அவர் கண்ணெதிரிலேயே மறுபடி கழுவிக் காட்டுகிறேன் என்று சொல்ல நினைத்து, வெட்கத்தில் விட்டுவிட்டேன். வேலையை விட்டு என்னை அனுப்பவில்லை. 'வாங்க, போங்க' என்பதும் மாறவில்லை. மாறியிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன்.

அடுத்த வருஷம் திரி தேய்ந்து பம்பு மறுபடி ஒழுகியது. விளக்கெண்ணெய்ப் புட்டியை எஞ்சின் மேடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தேன். நூலை அதில் ஊறப்போட்டு, பம்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மூடாமல் அவருக்காகக் காத்திருந்தேன். வந்தார். அம்மா உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். பம்பைப் பற்றி ஒன்றும் கேட்காமல், மூட்டை எடை போடுகிற பக்கம் போய்விட்டார்.