போலெத்தோவின் காதும் இன்ஸ்பெக்டரின் சந்தேகமும்

வால்டெமார் பெர்டோமோ பஸ்ஸில் டிக்கெட் சோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உத்தியோகத்திலிருந்துதான், சோதிப்பதிலிருந்து அல்ல. எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு முற்றம். அதில் அவர் எதிரே வந்தால் கையிலிருக்கும் துணிக்கூடையைத் திறந்து காட்டிவிட்டுப் போகலாமா என்று எனக்குத் தோன்றும். மொண்டேவிடேயோவில் ஓசிப் பயணம் செய்த யாரும் அவரிடம் மாட்டாமல் தப்பியதில்லை என்பார்கள். பயணியின் முகத்தை அவர் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். பொய் சொல்கிறவனின் கை சும்மா இருக்காது என்பது அவர் கட்சி.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கை டெல்மிராவுக்கும் ஆகவில்லை. அப்பா போன பிறகு அண்ணனுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு அதே வீட்டில் தங்கிவிட்டாள். அந்த வீட்டின் மூன்றாவது ஆள் போலெத்தோ. டிக்கெட் என்று அர்த்தம். சாம்பல் நிறப் பூனை, தரையைத் தொடும் வயிறு. அந்த மனிதர் உலகத்தில் சந்தேகப்படாத ஒரே ஜீவன் அதுதான்.

போலெத்தோவுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட வேண்டும், அதற்கு முன் காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் பார்க்க வேண்டும் என்று டாக்டர் இரிபார்னே சொல்லிவிட்டாள். ஆரம்பத்தில் இவர் அதையும் பஸ்ஸில் ஏறுவது போலவே செய்தார். ஊசியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, பூனை அசந்த நேரம் பார்த்துப் பாய்வார். பூனை பீரோவுக்கு அடியில் போய்விடும். இவர் குப்புறப் படுத்துக் கையை நீட்டுவார். வெளியே வரும்போது கை முழுக்கக் கோடு போட்டிருக்கும். பயந்தால் பூனைக்குச் சர்க்கரை இன்னும் ஏறும், அப்புறம் அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை என்று டாக்டர் திட்டினாள்.

அப்புறம்தான் மனிதர் மாறினார். ஒளித்து வைப்பதை விட்டார். எப்போதும் அதே நாற்காலி. மடியில் அதே பழைய துண்டு. பூனையைக் கூப்பிட மாட்டார், துரத்த மாட்டார், அது தானாக வந்து ஏறும்வரை உட்கார்ந்திருப்பார். மெஷினை அதன் மூக்கருகே வைத்து முகர விடுவார். அப்புறம் அடிக்குரலில், தான் காலமெல்லாம் ஏறி இறங்கிய வழித்தடத்தின் நிறுத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். "பாலாசியோ... சந்தை... கரிபால்தி... ப்ரோபியோஸ்..." பூனை கண்ணை மூடிச் சுகமாகக் குறுகுறுக்கத் தொடங்கும். வெந்நீரில் நனைத்த துணியால் காதை ஒற்றிச் சூடாக்கி, ப்ரோபியோஸ் வருவதற்குள் குத்தி முடித்துவிடுவார். பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துவிட்டு, வேகவைத்த கோழியில் ஒரு துணுக்கு கொடுப்பார். சன்னல் வழியாக அதைப் பார்த்த எனக்கே தூக்கம் வந்திருக்கிறது.

வெந்நீர் எங்கிருந்து என்று இந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். பிளாஸ்க்கில் இருக்கும். மாத்தே குடிக்க நாளெல்லாம் பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிகிற ஜனங்கள் நாங்கள். குடுவையில் இலைத்தூள், மேலே வெந்நீர், உறிஞ்ச ஒரு குழல். ஒரே குடுவை எல்லார் கைக்கும் மாறி மாறிப் போகும். கசப்பாகத்தான் குடிப்போம். இவருடைய அப்பா, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்ட ஒரு விருந்தாளியின் கையிலிருந்து குடுவையைப் பிடுங்கி முற்றத்தில் கொட்டினாராம். அதை வால்டெமார் பெருமையாகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் இவருக்கு வயிற்றுப்புண். மாத்தேயைத் தொடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் முகம் போன போக்கு! பிளாஸ்க்கை நிரப்புவதும் குடிப்பதும் டெல்மிரா மட்டும்தான்.

போலெத்தோவின் சர்க்கரை ஏறத் தொடங்கியதும் அப்போதுதான்.

முந்நூறு, முந்நூற்றைம்பது, நானூறு. டாக்டரிடம் போனில் சொன்னார். இன்சுலினைக் கொஞ்சம் கூட்டினாள். இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினாள். அப்போதும் இறங்கவில்லை. யாரோ திருட்டுத்தனமாக இனிப்புக் கொடுக்கிறார்கள் என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டினார். முற்றத்தில் அவர்களை விட்டால் இருப்பது நான். நான் செய்வதோ பாலும் சர்க்கரையும் சுண்டக் காய்ச்சி, பாட்டிலில் அடைத்துக் கடைகளுக்குப் போடும் வேலை.

"இர்மா, உள்ள வரலாமா?" என்று கேட்கும்போதே உள்ளே வந்துவிட்டிருந்தார்.

"வந்தாச்சே. உக்காருங்க."

"போலெத்தோ இங்க வருதா?"

"ஜன்னல்ல வந்து உக்காரும். பாக்கும். போகும். உங்கள மாதிரித்தான்."

"என்ன குடுக்கற?"

"ஒண்ணும் குடுக்கறதில்ல."

"அப்ப எதுக்கு கையத் தொடச்சுக்கற?"

"பாத்திரம் தேச்ச கை இன்ஸ்பெக்டரே, ஈரமா இருக்கு! தொடைக்காம உங்க சட்டையிலயா தடவறது?"

அடுப்பிலிருந்த கரண்டியை எடுத்து முகர்ந்தார். ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு, "இது எங்கிட்ட இருக்கட்டும்" என்று போய்விட்டார். பாலினிப்பைக் கைது செய்த மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

அதோடு விட்டாரா? என் ஜன்னல் விளிம்பில் மைதா மாவைத் தூவி வைத்தார். மறுநாள் அதில் பூனையின் கால் தடமும் என் கைத் தடமும் இருந்தன. "ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு" என்றார், கொலையைக் கண்டுபிடித்த குரலில். என் ஜன்னலில் என் கை இருக்கக் கூடாதா? அவர் பூனையின் வாயை முகர்ந்தார். என் குப்பைக் கூடையைக் கிளறினார். டாக்டர் போனில், "நீங்க சொல்ற கணக்குக்கு அது குடம் குடமா தண்ணி குடிக்கணும். குடிக்கறதில்லங்கறீங்க. கணக்கும் பூனையும் ஒட்டலையே, நேர்ல கொண்டாங்க" என்றாளாம். வாரக் கடைசியில் வருகிறேன் என்றாராம். திருடனைப் பிடிக்காமல் அவருக்கு நகர மனமில்லை.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அதைவிட வலித்தது டெல்மிரா. முன்பெல்லாம் நான் வாசற்படி ஏறும்போதே குடுவையை நீட்டுகிறவள், இப்போது நான் வந்தால் பிளாஸ்க் மூடியைத் திருகி இறுக்கிவிட்டு, குடுவையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "தண்ணி ஆறிடுச்சு இர்மா" என்றாள். மூடியைச் சுற்றி ஆவி பறந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் வந்தவளுக்கு மாத்தே நீட்டாமல் இருப்பதும் வாசலைக் காட்டுவதும் ஒன்று. அண்ணன் சொன்னதை இவளும் நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். பதிலுக்கு நானும் சந்தேகப்பட்டேன். பூனைக்கு இனிப்புக் கொடுப்பவள் இவளேதான், பழியை என் தலையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறாள் என்று. பாதி சரியாகத்தான் நினைத்திருக்கிறேன்.

ஒரு நாள் காலை டெல்மிரா என் கதவை இடித்தாள். "இர்மா! போலெத்தோ எந்திரிக்க மாட்டேங்குது!"

ஓடினேன். பூனை சமையலறைத் தரையில் துண்டின் மேல் கிடந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை இல்லை. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. பக்கத்தில் மண்டியிட்டிருந்த வால்டெமார் மெஷினை என் முகத்துக்கு நேராக நீட்டினார். முந்நூற்றுத் தொண்ணூறு.

"ஏறித்தான் மயக்கம் போட்டிருக்கு. ஊசி போட்டா இறங்கிடும். டாக்டர் போனை எடுக்கல." ஊசி தயாராக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பூனையின் மேல் குனிந்தார்.

இந்த ஊர்க்காரிக்குப் பதற்றம் வந்தால் கை தானாக மாத்தேயைத் தேடும். மேஜையில் இருந்த குடுவையை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

"இனிக்குது!" என்றேன்.

"என்ன உளர்ற?"

"மாத்தே இனிக்குது. பாகு மாதிரி இருக்கு!"

வால்டெமார் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, டெல்மிராவின் கையைப் பார்த்தார். அது இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை முறுக்கிக்கொண்டிருந்தது. எழுந்து பிளாஸ்க் மூடியில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்தார். பிறகு தன் கையிலிருந்த ஈரத் துணியைப் பார்த்தார். பூனையின் காதை ஒற்றிய துணி. எனக்குப் புரியும் முன்னே அவருக்குப் புரிந்துவிட்டது. ஊசியைக் கீழே போட்டார்.

குழாய்த் தண்ணீரால் காதைக் கழுவி, நன்றாகத் துடைத்து, மறுபடி குத்தினார். முப்பத்துநாலு. இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

சர்க்கரை ஏறவே இல்லை. காதில் ஒட்டியிருந்த சர்க்கரையைத்தான் இத்தனை நாளும் அளந்திருக்கிறார். அந்தக் கணக்கை நம்பிக் கூட்டிக் கூட்டிப் போட்ட இன்சுலின் பூனையைக் கொன்றுகொண்டிருந்தது.

"சர்க்கரை! ஏதாவது குடுங்க!" என்று கத்தினேன். டெல்மிரா ஏற்கனவே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிளாஸ்க் மூடியில் விரலை நனைத்து, பூனையின் கன்னத்துக்குள் விட்டு ஈறில் தேய்த்தாள். மறுபடி நனைத்தாள், மறுபடி தேய்த்தாள். அழுதுகொண்டே தேய்த்தாள். வால்டெமார் அதன் தலையைக் கையில் ஏந்திக்கொண்டு, "பாலாசியோ... சந்தை... கரிபால்தி..." என்று சொல்லத் தொடங்கினார். கடைசி நிறுத்தம் வரை போய்விட்டார். பூனை அசையவில்லை. மறுபடி பாலாசியோவிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாவது தடவை கரிபால்தியில் நாக்கு வெளியே வந்து டெல்மிராவின் விரலை நக்கியது.

டாக்சி பிடித்து மூன்று பேரும் ஓடினோம். டாக்டர் பூனையை அங்கேயே வைத்துக்கொண்டாள். பிழைத்துவிடும் என்றாள். கீழே போட்ட அந்த ஊசியைப் பற்றி அவள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

சாயங்காலம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அவர்தான் கேட்டார். விசாரணைக் குரல் இல்லை.

"எப்பலேர்ந்து?"

"நீங்க குடிக்கறத நிறுத்தினதுலேர்ந்து."

"சர்க்கரைய குடுவையில போட்டுக்கறதுதானே... பிளாஸ்க்லயா போடுவ?"

"குடுவையில போட்டா ஸ்பூன் சத்தம் கேக்கும்ணா."

"அதுக்கு முன்னாடி?" என்றார்.

"முன்னாடி கசப்பாத்தான். அப்பா இருந்த காலத்துலேர்ந்து."

"புடிக்காமயா குடிச்ச?"

"ஒரு நாள்கூட புடிச்சதில்ல."

"சொல்லியிருக்கலாமே, டெல்மிரா."

"அப்பா கொட்டினத நீங்க எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பீங்க. நானும் பக்கத்துல உக்காந்து சிரிப்பேன். அப்புறம் எப்படிண்ணா சொல்றது?"

அவர் தலையைக் குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவள் எனக்கு மாத்தே நீட்டாததன் காரணமும் அப்போதுதான் உறைத்தது. கூச்சப்பட்டிருக்கிறாள், பாவி!

என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கைதான பாட்டிலை மட்டும் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தார். அதில் பாதி இல்லை. யார் தின்றது என்று நான் விசாரிக்கவில்லை.

போலெத்தோ வீட்டுக்கு வந்த மறுநாள் காலை என்னையும் கூப்பிட்டார்கள். அதே நாற்காலி, அதே துண்டு. காதுக்கென்று தனியாக ஒரு சின்னக் கெட்டிலில் வெந்நீர் வைத்திருந்தார். பூனை தானாக வந்து ஏறியது. மெஷினை முகர்ந்தது. அதற்கு அவர் மேல் சந்தேகமே இல்லை. மடியில் பூனையோடு, எட்டி அலமாரியிலிருந்த சர்க்கரை டப்பாவை எடுத்து மேஜை நடுவில், தங்கைக்கு முன்னால் வைத்தார். பிறகு பூனையின் காதைப் பார்த்துக்கொண்டு, "பாலாசியோ..." என்று தொடங்கினார்.

டெல்மிரா ஒரு ஸ்பூன் போட்டுக்கொண்டு அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. அவள் இன்னொரு ஸ்பூன் எடுத்து, குடுவையின் விளிம்பில் சத்தம் வரும்படி தட்டிப் போட்டாள்.