பொட்டு வைத்த மோடம்

உத்திரமேரூரில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். கோபம் என் இலாகா, பக்தி அவள் இலாகா. பிரிண்டர் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டியிருக்கும். அதன் திரை அப்போது ரிப்பேருக்குப் போயிருந்தது. நான் வேலை செய்வது லினக்ஸ் போட்ட லேப்டாப்பில். அந்தப் பிரிண்டர் லினக்ஸோடு நேராகப் பேசாது. வைஃபை வழியாக விண்டோஸிடம் கெஞ்சித்தான் தாள் வாங்கவேண்டும்.

போன வருஷம் ஆயுத பூஜை லீவு முடிந்து கடை திறந்ததுமே மானாம்பதியிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். காஞ்சிபுரத்தில் அன்றைக்கு நர்ஸ் வேலைக்குப் பரீட்சை. ஹால்டிக்கெட்டைத் தாளில் காட்டினால்தான் உள்ளே விடுவார்களாம். வேறு எந்தக் கடையும் திறக்கவில்லை.

"பஸ்சு வர்ற நேரம்க்கா, சீக்கிரம்!"

லேப்டாப்பில் ஹால்டிக்கெட்டைத் திறந்து பிரிண்ட் அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினேன். பிரிண்டரே காணோம் என்றது லேப்டாப். எனக்குச் சுர்ரென்று ஏறியது. திரும்பிப் பார்த்தால் பிரிண்டர், சிபியு, மோடம் எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு.

"எந்த ஓட்டையிலடி சந்தனத்த அப்புனே?" என்று நாத்தனார்மேல் பாய்ந்தேன்.

"இன்னா அண்ணி, சாமி பொட்டாலயா பேஜாரு ஆவும்? எல்லாத்தயும் புடுங்கி, தொடச்சி, பொட்டு வெச்சி, திரும்பச் சொருவிக்கீறேன்."

"மோடத்தையுமா புடுங்குனே?"

"அது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி?"

அட கடவுளே! எங்கள் மோடம் அணைந்து எழுந்தால் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் வீட்டு விலாசம் மாதிரி ஒரு புது ஐபி எண் கொடுத்துவிடும். என் லேப்டாப்போ, காலி செய்துபோன வீட்டின் கதவைத் தட்டுகிற மாதிரி, விண்டோஸின் பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருந்தது. லேப்டாப்பிலேயே மோடத்தின் செட்டிங்ஸுக்குள் போய் விண்டோஸின் புது எண்ணைத் தேடினேன். வெளியே பஸ் ஹாரன். நாத்தனார் ஓடிப்போய் நடுரோட்டில் கையை விரித்து நின்றுவிட்டாள்.

"கொஞ்சம் நில்லுப்பா, பொண்ணு பரீச்சைக்குப் போவுது!"

லேப்டாப்பில் எண்ணை மாற்றினேன். பிரிண்டர் உறுமியது. அந்தப் பெண் முதல் தாளை உருவிக்கொண்டு பஸ்ஸில் தாவி ஏறினாள். நான் அழுத்தியதெல்லாம் வரிசையில் நின்றிருந்ததால் ஹால்டிக்கெட் போட்டோவில் அவள் முகம் மேலும் மேலும் வந்துகொண்டே இருந்தது. சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

போன வாரம் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசியோடு வந்த நர்ஸ் அந்த மானாம்பதிப் பெண்ணேதான். எனக்கு ஊசி என்றாலே உயிர் போய்விடும். "வேணாம்டீ, மாத்திரை குடு!" என்று கத்தினேன்.

"நீதானக்கா என்ன நர்சாவ அனுப்பி வெச்சே? அனுபவி," என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.