அடி வாங்கும் வேடம்

என் கணவர் பாளையங்கோட்டையில் கோர்ட் குமாஸ்தாவாக இருந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய், தொலைக்காட்சித் தொடர்களில் நடித்தார். வேலைக்காரன், கணக்குப்பிள்ளை, பெண்ணுக்குத் தாய்மாமன். முகம் எல்லாருக்கும் தெரியும். பெயர் யாருக்கும் தெரியாது. நான் சேரன்மகாதேவியில் அப்பா வீட்டில் இருந்தேன்.

ஒரு தொடரில் முதலாளியின் மகன் இவரை அறைய வேண்டும். மகனாக நடித்த பையனுக்குப் பொய்யாக அடிக்க வரவில்லை. "நெசமாவே அடிங்க தம்பி, தாங்கிக்கிடுதேன்" என்று இவரே சொல்லியிருக்கிறார். இயக்குநருக்குத் திருப்தி வரும்வரை அடித்தான். கடைசி அடியில் இடது காதுக்குள் என்னவோ கிழிந்தது. கண்ணீர் தானாக வந்தது. அதைத்தான் ஓகே செய்தார்கள். சீழ் வைத்த பிறகுதான் டாக்டரிடம் போனார். செவிப்பறை போய்விட்டது என்றார்களாம்.

அது ஒளிபரப்பான அன்று ஊருக்கு வந்திருந்தார். எங்கள் வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். அடி விழுந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். "மூஞ்சி போற போக்கப் பாருலே!" என்று கூட்டாளியைத் தட்டினான் என் தம்பி. அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் நிதானமாகச் சொன்னார்:

"இத்தன வருசமா நான் செய்யணும்னு நெனச்சத அந்தப் பய செஞ்சிட்டான் வே."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. இவரும் சேர்ந்து சிரித்தார். அப்பா இருந்தது இவருக்கு இடப்பக்கம். என்னிடம் குனிந்து, "மாமா என்ன சொல்லுதாவ?" என்று கேட்டார்.

"நல்லா நடிச்சிருக்கியளாம்."

உடனே எழுந்து, அத்தனை பேர் முன்னால் அப்பாவைக் கும்பிட்டார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன்பிறகு வந்ததெல்லாம் அடி வாங்கும் வேடங்கள்தாம். அதுவும் நிலைக்கவில்லை. இடப்பக்கம் நிற்பவர் வசனத்தை முடித்தது தெரியாமல் விழித்துக்கொண்டு நிற்பாராம். "இந்தச் செவிடன எவன்யா கூட்டிட்டு வந்தது?" என்று ஒரு இயக்குநர் மைக்கிலேயே கேட்டிருக்கிறார். பிறகு யாரும் கூப்பிடவில்லை.

திரும்பி வந்தவரைத் தம்பி தன் உரக்கடையில் உட்காரவைத்தான். வருகிறவர்களுக்கு அவனே சொல்லிக்கொடுத்தான்: அந்தக் காதுப்பக்கம் நின்று என்ன வேண்டுமானாலும் பேசலாம். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோனபோது வாசலில் நின்று பார்த்தேன். உரம் வாங்க வந்த ஒருவர் இவருடைய இடது காதோரம் குனிந்து என்னைப் பற்றி அசிங்கமாக ஒன்று சொன்னார். தம்பிதான் முதலில் சிரித்தான்.

இவரும் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அண்ணாச்சிக்கு எத்தன மூட்ட?"