செத்தவளுக்கும் சேர்த்து

ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பதை விட்டு, றக்வானப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி, ஓர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டித் துடைக்கப் போனேன். வேலை ஆஸ்பத்திரியில் என்றாலும் நாங்கள் ஆஸ்பத்திரி ஆட்கள் இல்லை. துப்புரவை அரசாங்கம் ஒரு கம்பெனிக்குக் கொடுத்திருந்தது. எத்தனை தலை வந்ததோ அத்தனை தலைக்குத்தான் கம்பெனிக்குப் பணம். அதனால் காலை ஆறு மணிக்குப் பின்வாசலில் கம்பெனி சுப்பவைசர் பெயர் கூப்பிடுவார். இருக்கிறேன் என்பதற்குச் சிங்களத்தில் "இன்னவா" சொல்ல வேண்டும்.

எங்கள் லயத்தில் அடுத்த வீட்டு அக்கா ஒருத்தியும் என்னோடு வேலை செய்தாள். ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். தோட்டத்துக் காலைப் பெரட்டில் ஆள் கணக்குக்குப் பெயர் கூப்பிடும்போது பக்கத்து வீட்டுக்காரி பிந்தினால், அவளுக்கும் சேர்த்துக் குரல் கொடுப்போம். அந்தப் பழக்கத்தில் அக்காவுக்கும் நானே "இன்னவா" சொன்னேன். சுப்பவைசர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

நான்காம் நாள் அக்கா செத்துப்போனாள். எலிக்காய்ச்சல். அடக்கம் பண்ணிச் சிலுவை நட்டுவிட்டு மறுநாள் வேலைக்குப் போனால், சுப்பவைசர் அவள் பெயரைக் கூப்பிடுகிறார். யாரும் வாய் திறக்கவில்லை.

"என்ன தங்கச்சி, இன்னைக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?"

"அக்கா செத்துட்டாங்க சேர்."

"தெரியும். ஆள் கொறஞ்சா கம்பெனிக்குக் கொந்தராத்து போயிரும். அப்புறம் நீயும் வீட்டுலதான் இருக்கணும். சொல்லு."

சொன்னேன். அந்த மழைக்காலம் முழுக்கச் சொன்னேன்.

அவளுடைய வார்டையும் நானே துடைத்தேன். துடைக்குமுன் தரை ஏற்கெனவே ஈரமாக இருக்கிறதா என்று குனிந்து தொட்டுப் பார்ப்பேன். யாராவது அவள் பெயரைச் சொன்னால் சட்டென்று திரும்புவேன். என் பெயருக்கு இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது. தினமும் இப்படிக் கூப்பிட்டால் அவளால் மண்ணுக்குள் படுத்திருக்க முடியுமா என்று பயந்தேன்.

ஒருநாள் நர்ஸ்மாருக்கெல்லாம் மேலான பெரிய மிஸ்ஸி, கம்பெனி ஆட்களின் பட்டியலோடு வார்டுக்கு வந்தார். அக்காவின் பெயரில் விரலை வைத்து, "இந்த ஆளை நான் கண்டதே இல்லையே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"செத்து மூணு மாசம், மிஸ்ஸி."

"அப்ப காலையில யாரு பதில் சொல்றது?"

"நான்தான்."

சுப்பவைசரைக் கூட்டிவரச் சொன்னார்.

மறுநாள் சுப்பவைசர் என்னைப் பின்வாசலிலேயே மறித்து, "இனி வர வேணாம்" என்றார். கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனார். திரும்பிப் போக அந்நேரம் பஸ் இல்லாததால் மதிலோரம் நின்றேன். பெயர் கூப்பிடுவது கேட்டது. அக்காவின் பெயர் வந்தது. யாரோ ஒரு பெண் "இன்னவா" என்றாள். அடுத்து என் பெயர். என்னை அறியாமல் வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து அதே பெண் பதில் சொல்லிவிட்டாள்.