பையன்கள் காலியாக விட்ட கட்டம்

போன சனிக்கிழமை மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சுன்னத்து பற்றிப் பேச்சு. மீன்குழம்பு ஆறிப்போனது!

ஆரம்பித்தவன் என் தங்கை மகன் செல்வின். எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருஷம். கூடப் படிக்கும் பையன்களிடம் ஒரு சர்வே எடுத்திருந்தான். சுன்னத்து செய்துகொண்டால் பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து குறையும் — முழுசாகப் போய்விடாது, காண்டம் கட்டாயம் வேண்டும். இதை நோயாளிகளுக்குச் சிபாரிசு செய்வீர்களா? ஏறக்குறைய எல்லோரும் 'ஆம்'.

அடுத்த கேள்வி: இதுவரை செய்யாதவர் என்றால், நீங்கள் செய்துகொள்வீர்களா? ஆம், இல்லை, தெரியாது என்று மூன்று கட்டம். பெரும்பாலான தாள்களில் மூன்றுமே காலி.

"உன் தாள்ல?" என்றேன்.

"காலிதான்" என்று தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டான்.

அவனைச் சொல்லி என்ன? சண்டே ஸ்கூலில், சுன்னத்துக்கு பைபிள் சொல்லும் 'விருத்தசேதனம்' என்ற வார்த்தையைக் கணீரென்று வாசித்த குடும்பம் நாங்கள். அர்த்தம் கேட்டால் டீச்சர் அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார்.

மறுநாள் தாராவியில் ஒரு லெதர் பேக் பட்டறையில், காலேஜ் விழிப்புணர்வு முகாமுக்காக அவன் இதைப் பற்றித் தமிழில் பேச வேண்டும். தமிழ் வாசிக்கத் திணறுவான் என்று ஆங்கில எழுத்தில் குறிப்பு எழுதிக் கொடுத்து, தாய்மாமன் நானும் போனேன். நன்றாகவே பேசினான். முடிந்ததும் கட்டிங் மாஸ்டர் இசக்கி — பெயரை மாற்றியிருக்கிறேன் — எழுந்தார்.

"டாக்டர் தம்பி, ஏக்தம் நல்லாச் சொன்னிய. நீங்க பண்ணியாச்சா?"

பட்டறையே சிரித்தது. செல்வின் என்னைப் பார்த்தான். என் குறிப்பில் இதற்குப் பதில் இல்லையே!

"இல்லண்ணாச்சி... எனக்குப் பயமா இருக்கு."

போச்சு, இனி யார் இவனை நம்புவார்கள் என்று நினைத்தேன்.

மாடிப் பட்டறையிலிருந்து இரும்பு ஏணியில் இறங்கும்போது இசக்கி பின்னாலேயே வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"தம்பி, அடுத்த மாசம் ஊர்லேர்ந்து வீட்டுக்காரி வாரா. எப்பவோ ஒரு தப்பு பண்ணிட்டேன். அவ வாரதுக்குள்ள எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துரணும். ஆறு மாசமாப் பயந்துக்கிட்டுக் கெடக்கேன்... கூட வாறியளா?"

"நாளைக்கே போலாம் அண்ணாச்சி."

தைரியம் சொல்ல ஊரெல்லாம் ஆள் உண்டு. 'எனக்கும் பயம்' என்று ஒருத்தன் சொன்ன பிறகுதானே இவருக்கு வாய் திறந்தது?

திங்கட்கிழமை இருவரும் போனார்கள். ரிசல்ட் என்னவா? அது இசக்கியின் சொந்த விஷயம். நானே கேட்கவில்லை.

செல்வின் சர்வே தாளைத் திருத்திவிட்டான். நான்காவதாக ஒரு கட்டம்: 'பயமாக இருக்கிறது'. முதல் டிக் அவனுடையது.

மாணவர்களுக்கு மட்டும் என்பதால் எனக்குத் தாள் தரவில்லை — தப்பித்தேன்!