கணபதி கங்காணியின் ஒருவழிக் கப்பல்

கணபதி கங்காணிக்கும் ரெங்கம்மாவுக்கும் 1958 வைகாசியில் கல்யாணம். அன்றைக்குத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பக்கத்து லயத்திலும் ஒரு கல்யாணம் நடந்தது. அது தற்செயல் அல்ல. ஒரே நாளில் வைத்தால் மேளக்காரருக்குப் பாதிக் கூலிதான் என்று கணபதியே அலைந்து பிடித்த நாள். தாலி கட்டும் நேரத்தில் மேளம் அந்த லயத்தில் இருந்தது. ரெங்கம்மாவின் கழுத்தில் தாலி ஏறியபோது குரல் கொடுத்தது ஒரு நாய் மட்டும்தான். இருபத்திரண்டு வருடமாக அந்த நாயை அவள் மறக்கவில்லை.

பிறகு அவர் மலிவாகப் பிடித்து வந்தவை பல. 1966இல் கம்பி ஒடிந்த குடை மூன்று. 1969இல் பெரிய முள் இல்லாத சுவர்க்கடிகாரம். 1973இல் இரண்டும் இடது காலுக்கான ஒரு சோடி சப்பாத்து. ஒவ்வொன்றையும் வீட்டுக்குக் கொண்டுவரும்போது, போரில் வென்று திரும்பும் ராசாவைப் போல லயத்துக்கு நடுவால் நடந்து வருவார்.

மலிவாகக் கிடைக்காமல் அந்த வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று: ரெங்கம்மாவின் தோட்டம். அப்புத்தளைக்கு மேலே, ஸ்டேஷனிலிருந்து மூன்றரை மைலில், லயத்தின் கடைசி அறை, கடைசிக் காம்பரா, அவர்களுடையது. கடைசி என்பதால் அறையும் சற்றுப் பெரிது; பக்கத்தில் பதினாலு அடி அகலத்துக்கு மண்ணும் கிடைத்தது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தினமும் பொழுது சாயும்வரை அந்த மண்ணோடு மல்லுக்கட்டி, போஞ்சியும் லீக்ஸும் கோவாவுமாகக் காய்கறி வளர்த்தாள். பிள்ளை இல்லாத வீட்டில் அதுதான் பிள்ளை.

1980 மார்ச் 27, வியாழக்கிழமை. அப்புத்தளையில் பாறூக்கின் கடையில் ஓசிப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த கணபதி நிமிர்ந்தார். வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு சுற்றும் உல்லாசக் கப்பலொன்று, சீசன் முடிந்து கொழும்பிலிருந்து கொச்சி வழியாகத் திரும்பப் போகிறது. வெறுமையாகப் போகும் அறைகளை ஒருவழிக்கு மட்டும் அடிமாட்டு விலைக்குக் கொடுக்கிறார்கள். மூன்று வேளைச் சாப்பாடு உட்பட.

"கங்காணியார், போறதுக்கு மலிவு, சரி. வாறதுக்கு?" என்றார் பாறூக்.

"திருச்சியில சொந்தக்காரங்களப் பாத்துட்டு ராமேஸ்வரத்துல கப்பலேறி வந்துருவேன். அது அதவிட மலிவு முதலாளி."

"அப்ப ராமேஸ்வரத்தாலயே போய் வரலாமே?"

"அதுல சாப்பாடு போட மாட்டாங்களே!"

பாறூக் பத்திரிகையை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

அறை வாடகை ஒருவருக்கும் இருவருக்கும் ஒன்றேதான். ஆகவே ரெங்கம்மாவும் போகவேண்டியதாயிற்று. இருவருக்கும் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை இருந்தது. பாஸ்போட்டும் இருந்தது, கட்டணம் கூடப்போகிறது என்று கேள்விப்பட்டு, போக ஓர் இடமும் இல்லாத காலத்திலேயே கணபதி எடுத்து வைத்தது.

"நாம போயிட்டா காம்பராவ யாருங்க பாத்துக்குவா?" என்றாள் ரெங்கம்மா.

"காம்பரா எங்கயாச்சும் ஓடிப் போயிருமா? பூட்டிட்டுப் போவோம்."

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில், பெரிய கிளாக்கர் சிவஞானத்திடம் ரெங்கம்மா தனியே போய் நின்றாள். "ஐயா, எனக்கு ஆறு கிழமை லீவு வேணுங்க. வந்துருவேன்" என்றாள். அவர் ஆறு வாரம் என்று எழுதிக்கொண்டார். வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொன்னால் லீவிலும் ஏதாவது மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்.

அந்த வருடங்களில் இரு நாட்டு ஒப்பந்தப்படி குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போகிறவர்கள் திரும்புவதில்லை. அவர்களுக்காக லயமே கூடும். ஆளுக்கொரு பொருள் கொடுத்து, கட்டிப்பிடித்து அழுது அனுப்பும். பெட்டி படுக்கையோடு ஸ்டேஷன்வரை தேயிலைத் தோட்டத்து லாரி இலவசம். அதற்கு ஆபீசில் ஒரு கடதாசியில் கையெழுத்துப் போடவேண்டும்: வேலையையும் காம்பராவையும் ஒப்படைத்துவிட்டேன் என்று.

ஏப்ரல் 9ஆம் திகதி கணபதி ஆபீசில் போய் லாரி கேட்டார்.

சிவஞானம் கண்ணாடியைக் கழற்றினார். "கங்காணி, இது ஒரேயடியாப் போறவங்களுக்கு. நீங்க திரும்பி வாறீங்களா, இல்லையா?"

கணபதி கப்பல் டிக்கட்டை எடுத்து மேசையில் வைத்தார். "பாத்துக்குங்க ஐயா. ஒருவழி."

"கடதாசியப் படிச்சீங்களா?"

"லாரிக்கான கடதாசிதானே?" என்று சொல்லி, வால் சுழித்து அழகாகக் கையெழுத்துப் போட்டார். பெண்சாதிக்கும் தானே போட்டுவிடப் பார்த்தார். அவரவர் பெயருக்கு அவரவர்தான் என்று சிவஞானம் கடதாசியை இழுத்துக்கொண்டார். ஒரு லாரிக்கு ஒரு கையெழுத்துப் போதும்தானே என்று கணபதி எழுந்து வந்தார். மூன்றரை மைலுக்குப் பஸ் காசு மிச்சம்.

ஏப்ரல் 15, செவ்வாய்க்கிழமை. லயம் கூடிவிட்டது. நடுக் காம்பராவில் ஏழு பேராக நெருங்கிக் கிடந்த வீரய்யா ஒரு பித்தளைச் செம்பைக் கொண்டுவந்து நீட்டினான். அவனுடைய அம்மா வைத்திருந்த செம்பு. "மாமா, எங்க இருந்தாலும் எங்கள நெனச்சுக்குங்க" என்று அழுதான்.

ரெங்கம்மா கணவனின் காதருகில் குனிந்தாள். "நாம திரும்பி வாறோம்னு சொல்லுங்க. பாவம்ங்க."

"சொன்னா செம்பத் திருப்பி வாங்கிக்கிருவான். சும்மா இரு."

கம்பளி இரண்டு, சேலை ஒன்று, செம்பு ஒன்று. அத்தனைக்கும் கணபதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண் காய்ந்துதான் இருந்தது. அழுதது ரெங்கம்மாதான், அதுவும் வெட்கத்தில்.

கப்பல் ஏன் மலிவு என்பது ஏறியபின்தான் தெரிந்தது. நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை. பெயின்ட் வாளிகள் அடுக்கியிருந்தன. வாத்தியக்காரர்களைப் போன கிழமையே இறக்கிவிட்டார்களாம். காலையில் பாண் ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும், பகலில் உருளைக்கிழங்கும் பாணும். ரெங்கம்மா இரண்டு நாளும் வாந்தி எடுத்தாள். அவளுடைய தட்டையும் கணபதியே காலி செய்தார். "குடுத்த காசுக்குச் சாப்பிடணும்ல" என்றார். கொச்சியில் இறங்கும்போது அவருடைய மடியில் கப்பல் குளியலறைச் சவர்க்காரக் கட்டி ஐந்து இருந்தது.

திருச்சியும் ராமேஸ்வரமும் முடிந்து, மே 24, சனிக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு அப்புத்தளையில் ரயில் நின்றது. வருகிறவர்களுக்கு லாரி இல்லை. இரும்புப் பெட்டியை மாறி மாறிச் சுமந்து, மூடுபனியில் மூன்றரை மைல் ஏறினார்கள்.

கடைசிக் காம்பராவில் புகை வந்துகொண்டிருந்தது. வாசலில் வீரய்யாவின் பெண்சாதி ராசம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் சல்லடையைக் கீழே வைத்தாள்.

"யாரு? கங்காணி மாமாவா? அங்க சேத்துக்க மாட்டேன்னுட்டாங்களா?"

"எங்க காம்பராவுல நீங்க என்னடி பண்றீங்க?" என்று கணபதி சத்தம் போட்டார்.

சத்தம் கேட்டு வீரய்யா பின்னாலிருந்து வந்தான். "ஆபீசுல எங்களுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க மாமா. நீங்க ஒப்படைச்சிட்டீங்களாமே." பெட்டியின் மேல் கட்டியிருந்த செம்பு அவன் கண்ணில் பட்டது. முடிச்சை அவிழ்த்து அதை எடுத்துக்கொண்டான். கூடியிருந்தவர்களில் ஒருத்தி, "ஏன் மாமா, எங்க கம்பளி சொகமா இருந்துச்சா?" என்றாள். லயமே சிரித்தது.

ரெங்கம்மா யாரையும் பார்க்கவில்லை. போஞ்சிக் கொடி அவள் நட்டுவிட்டுப் போன கம்புகளின் உச்சிவரை ஏறியிருந்தது. அதன் பக்கத்தில் போய் நின்று, ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். பூச்சி இல்லை. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆபீசில் சிவஞானம் கடதாசியை எடுத்துக் காட்டினார்.

"அது லாரிக்குப் போட்ட கையெழுத்துங்க ஐயா!"

"லாரி வந்திச்சுதானே?"

வாழ்நாளில் முதல் தடவையாக, கொடுத்ததற்குச் சரியான பொருள் கிடைத்துவிட்டது என்பதைக் கணபதியால் மறுக்க முடியவில்லை.

ரெங்கம்மா முன்னால் வந்தாள். "ஐயா, நான் லீவு சொல்லிட்டுத்தானுங்களே போனேன். இன்னும் மூணு நாள் இருக்கு."

சிவஞானம் புத்தகத்தைப் புரட்டினார். மே 27 வரை லீவு என்று இருந்தது. "ஆமா. ஒங்க பேரு வெட்டுப்படல. வீரய்யா இருந்த நடுக் காம்பரா சும்மா கெடக்கு. ஒங்க பேருல எழுதலாம். கடைசிக் காம்பராவத் திருப்ப முடியாதும்மா. ஏழு பேரு."

"நானும் கேக்கலீங்க."

"அப்ப நான்?" என்றார் கணபதி.

சிவஞானம் ரெங்கம்மாவைப் பார்த்தார். அவள், "அவரும் இருக்கட்டுங்க" என்றாள். வெயிலில் கிடக்கும் சாக்கை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லும் குரல் அது.

நடுக் காம்பராவுக்கு வெளியே ஒரு சாண் மண்கூட இல்லை. சாயந்தரம் ராசம்மா வாசலில் வந்து நின்றாள். "அக்கா, அந்தப் போஞ்சி நீங்க நட்டது. இந்தத் தடவ நீங்களே பறிச்சுக்குங்க. அடுத்ததுக்கு நாங்க நட்டுக்கிறோம்."

ரெங்கம்மா கூடையை எடுத்தாள்.

மூலையில் இரும்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த கணபதி தலையைத் தூக்கினார். "சும்மாவா குடுக்கிறாங்க?" என்றார்.