தளபதி முன் ஆடிய தலை

இலங்கையில் சமாதானப் பேச்சு நடந்த காலம். ஸ்டுட்கார்ட் அருகே எங்கள் குடியிருப்பில் முப்பத்தேழு தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. பக்கத்து ஜெர்மன் இராணுவ முகாமில் சுட்டுப் பழகினால், ஊர்ப் போரில் ஷெல்லடிக்குத் தப்பி வந்த பெண்கள் கட்டிலுக்கடியில் ஒடுங்குவார்கள். தேர்த் திருவிழாவன்றாவது சுடாதிருக்கும்படி கேட்கத் தளபதியிடம் இருவர் தூது போனோம். நான் ஊரில் வாத்தியாராய் இருந்தவன். மற்றவர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்பவர். கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டை. சம்மதமென்றால் வாய் திறவாமல் தலையை இருபக்கமும் ஆட்டுவார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். தளபதி மூத்தவரான அவரைப் பார்த்து, "மூன்று மணித்தியாலம் நிறுத்துகிறேன்" என்றார்.

அவர் தலையை ஆட்டினார். மறுப்பென்று நினைத்த தளபதி ஆறு என்றார். மறுபடியும் ஆட்டினார்.

"சரி, முழு நாளும்!"

நான் அவர் காதுக்குள் தமிழில் சொன்னேன்: "பேசாமல் எழும்புங்கோ அண்ணை, போவம்."

"விசர்க்கதை கதையாதேங்கோ மாஸ்டர். அந்தாள் பிழையா விளங்கிட்டார்."

தன் தலையாட்டலின் பொருளை அவரே ஜெர்மனில் விளக்கினார். தளபதி சிரித்துவிட்டு, மூன்று என்றே எழுதினார்.

தேர் இரண்டு மணி ஐம்பது நிமிடத்தில் சுற்றி வந்தது. ஒரு பெண்ணும் ஒடுங்கவில்லை. முழு நாளையும் திருப்பிக் கொடுத்தவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவரோடு தூது போனவன் நான் என்றுதான் இன்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன்.